வலையைப் பிடிப்பது யார்?

செமஸ்டர் பரீட்சை முடிந்த இரவு, விடுதி அறையில் நாங்கள் நாலுபேர் ஒரு கைபேசியைச் சுற்றியிருந்து அமெரிக்காவில் நடந்த மீன்பிடிப் போட்டியொன்றின் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படகில் நிற்பவர் ஒரு பெரிய பாஸ் மீனைத் தூண்டிலில் களைக்க வைத்துப் படகோரம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். பிறகு குப்புறப் படுத்து, கையை நீட்டி, அதன் வாயைப் பிடிக்கப் பார்த்தார். மீன் ஒரு திமிறு திமிறியது. கொக்கி கழன்றது. மனுசன் தலையில கை வைச்சுக்கொண்டு இருந்திட்டார்.

மட்டக்களப்புக்கார நண்பன் உடனே கேட்டான்: "ஒரு அத்தாங்கைக் கொண்டு போயிருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். வாவிக்கரையில் வளர்ந்த எவரும் அதைத்தான் கேட்பார்கள். பிடியுள்ள சின்னக் கைவலை ஒன்று இருந்திருந்தால் அந்த மீன் தப்பியிருக்காது. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் போட்டியில் கைவலைக்குத் தடை. ஏன் தடை? வரலாறு படிக்கிற எங்களுக்கு அதை அப்படியே விட்டுவிட்டு நித்திரைக்குப் போக மனம் வரவில்லை.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். இது எங்கட கொடுவா இல்லை. வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் இதன் ஓர் இனத்துக்கு 'மைக்ரோப்டெரஸ்' என்று பெயர் வைத்தார். 'சிறு செட்டை' என்று பொருள். ஆனால் பாஸ் மீனுக்குச் செட்டை சிறிதல்ல. அவர் கையில் கிடைத்த மாதிரியின் முதுகுச் செட்டை பழுதடைந்திருந்தது. அந்தக் காயத்தையே அவர் இயல்பென்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

மீனைச் சாப்பாட்டுக்காகப் பிடித்த காலத்தில் வலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. வலை இருந்தால் மீன் சட்டிக்கு வரும், அவ்வளவுதான். சிக்கல் போட்டியோடு வந்தது. அலபாமாவைச் சேர்ந்த காப்புறுதி விற்பனையாளர் ரே ஸ்கொட், 1967 ஜூனில் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் பெரிய பாஸ் போட்டியொன்றை நடத்தினார். ஆளுக்கு 100 டொலர் நுழைவுக் கட்டணம் கட்டி 106 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் அவர் 'பாஸ்' என்றே சுருக்கமாக அழைக்கப்படும் தூண்டிற்காரர் சங்கத்தைத் தொடங்கினார். பொழுதுபோக்காக இருந்த ஒன்று காசும் பேரும் புழங்கும் விளையாட்டாக மாறியது இப்படித்தான்.

அந்தப் போட்டிகளில் ஒரு படகில் இரண்டு பேர் போவார்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் துணை என்று தீர்மானிப்பார்கள். இரண்டு பேருமே போட்டியாளர்கள். ஒருவர் ஏமாற்றாமல் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பயன். இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் பெரிய மீனொன்றை இழுத்து வருகிறீர்கள். உங்கள் இரண்டு கையும் தூண்டிலில். வலையைப் பிடிப்பது யார்? உங்கள் எதிராளி! அவர் வலையைக் கொஞ்சம் அவசரமாக நீட்டி, வளையம் நூலில் தட்டுப்பட்டு, மீன் கழன்றால்? தவறுதலா, வேண்டுமென்றா? எந்த நடுவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வலைத் தடைக்குச் சொல்லப்படும் பழைய காரணம் இதுதான். அதாவது அந்த விதி மீனுக்காக வந்ததில்லை. மனிசர் ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால் வந்தது.

மற்றப் பக்கத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். 1996இல் தொடங்கிய எஃப்.எல்.டபிள்யூ. என்ற போட்டித் தொடரில் வலை அனுமதிக்கப்பட்டது. அங்கும் படகில் இரண்டு பேர்தான். ஆனால் தொழில்முறைக்காரர் தொழில்முறைக்காரரோடும், உடன்வருபவர் உடன்வருபவரோடும்தான் போட்டி. உங்கள் மீன் தப்பினால் வலை பிடித்தவருக்கு ஒரு இலாபமும் இல்லை. சந்தேகம் போனது, தடையும் தேவைப்படவில்லை.

இனித்தான் எங்களை யோசிக்க வைத்த இடம். ரே ஸ்கொட்டின் சங்கம் 2006இல் 'எலீட்' என்ற உயர்மட்டத் தொடரைத் தொடங்கியது. 2009இல் அதில் போட்டியாளரோடு படகில் ஏறுவது இன்னொரு தூண்டிற்காரர் இல்லை, மீன்பிடிக்காத ஒரு கண்காணிப்பாளர் என்று ஆனது. படகில் எதிராளியே இல்லை. தடைக்கான காரணம் இறங்கிப் போய்விட்டது, தடை மட்டும் படகிலேயே இருந்துவிட்டது. இப்போது அதற்குப் புதுக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. கையால் பிடிப்பதுதான் திறமை, அதில்தான் பார்ப்பவனுக்கு விறுவிறுப்பு, மீனுக்கும் அதுதான் நல்லது என்கிறார்கள்.

முதல் இரண்டையும் விடுவோம். மூன்றாவது உண்மையா?

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பப் போட்டிகளில் பிடித்த மீன்களைக் கயிற்றில் கோர்த்துத்தான் நிறுவைக்குக் கொண்டுவந்தார்கள். கொலராடோவின் அஸ்பென் நகரில், பிடித்த ட்ரவுட் மீனைத் திரும்ப விடுவதைப் பார்த்துத் தூண்டிற்காரர்கள் ஆரவாரம் செய்ததை ரே ஸ்கொட் கண்டார். 1972இல் பிடித்ததைக் கொல்லாதே என்ற திட்டத்தைத் தன் போட்டிகளில் கொண்டுவந்தார். உயிரோடு கொண்டுவரும் மீனுக்கு மேலதிகப் புள்ளி. படகுகளுக்குள் காற்றூட்டிய நீர்த்தொட்டிகள் வந்தன. அதற்குப் பிறகுதான், கரைக்கு வரும் மீன் எந்த நிலையில் திரும்பிப் போகிறது என்பது ஒரு கேள்வியே ஆனது.

மீனின் உடம்பில் வழுவழுப்பான பூச்சொன்று இருக்கிறது. நோய்க்கிருமிகளுக்கு எதிரான அதன் முதல் வேலி அது. முடிச்சுப் போட்ட பழைய நைலோன் வலை அந்தப் பூச்சை உரசி எடுக்கும், செதிலைக் கழற்றும், செட்டையைக் கிழிக்கும். ஆகவே வலை கெடுதல் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வலை இல்லாதவர் என்ன செய்கிறார்? சின்ன மீன் என்றால் நூலோடு தூக்கிப் படகுக்குள் வீசுகிறார். அது தரைவிரிப்பில் விழுந்து துடிக்கிறது. அப்போதும் அதே பூச்சுத்தானே போகிறது? மூன்று முனைக் கொக்கிகள் தொங்கும் தூண்டில் என்றால் பிடிப்பவரின் விரலுக்கும் ஆபத்து. இதற்கிடையில் முடிச்சில்லாத, இறப்பர் பூசிய வலைகள் வந்துவிட்டன. அவை மீனை மிகக் குறைவாகவே காயப்படுத்துகின்றன.

ஆக, எங்களுக்குக் கிடைத்த பதில் இது. திரும்ப விடப்போகிற மீன் பெரிதாக இருந்தால், அல்லது பல கொக்கிகள் இருந்தால், இறப்பர் வலைதான் நல்லது. மீனை வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றலாம். ஒற்றைக் கொக்கியில் வந்த சின்ன மீனுக்கு வலையே தேவையில்லை. கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்தால் போதும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல், மற்றக் கையால் வயிற்றைத் தாங்க வேண்டும். பரிசுப் பணமே இல்லாத ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னூர் ஏரியில் நின்று, போட்டிக்காரர் பாவிப்பதில்லை என்பதற்காக வலையை வீட்டில் விட்டுவந்தால், அவர் பின்பற்றுவது மீனைப் பற்றிய அறிவை இல்லை. இரண்டு எதிராளிகளுக்கு இடையில் இருந்த ஒரு பழைய சந்தேகத்தை.

லாசெபேட்டின் கதை இங்கேதான் திரும்ப வருகிறது. ஒரு மீனின் காயம் முழு இனத்தின் இயல்பாக எழுதப்பட்டது. ஒரு படகின் சந்தேகம் முழு விளையாட்டின் மரபாக எழுதப்பட்டது. இரண்டிலும் தொடக்கம் மறந்துபோக, பெயரும் விதியும் மிஞ்சின.

எங்களைச் சுற்றியும் "இது இப்பிடித்தான், காலகாலமா இப்பிடித்தான்" என்று சொல்லப்படுகிற விதிகள் நிறைய இருக்கின்றன, விடுதியில், வீட்டில், ஊரில். எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது முதலில் யாருக்காக வந்தது, அந்த ஆள் இன்னும் படகில் இருக்கிறாரா என்று ஒருக்கா கேட்டுப் பார்ப்போம். நண்பன் அன்றிரவு கேட்டது அவ்வளவுதான்.