ஆடி மாசம் நம்ம கோயில் ஸ்பீக்கர்ல கேக்குற அந்தக் குரல்

 

போன வெள்ளிக்கிழமை கூழ் ஊத்திக்கிட்டு இருக்கும்போது ஒரு தம்பி வந்து கேட்டாரு. "அங்கிள், இந்தப் பாட்டு பாடுற அம்மா சினிமாவுல கிளப் டான்ஸ் பாட்டு பாடினவங்களாமே, கோயில்ல போடலாமா?" எங்க கையில அகப்பை, பின்னாடி நீள வரிசை. பதில் சொல்ல முடியல. அதான் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா 1939-ல் சென்னையில் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம், லூர்து மேரி ராஜேஸ்வரி என்று பெயர். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடித்தான் பிள்ளைகளை வளர்த்தார். தாயார் கூடப் போய் இவரும் கோரஸில் நின்றார். 1954-ல் வந்த மனோகராவில் அந்தக் கூட்டத்துக் குரல்களில் இவர் குரலும் ஒன்று. கோரஸ்னா பேர் வராது. எங்க ஃபேக்டரியில லைன்ல நிக்கிற பிள்ளைங்க மாதிரிதான், பெட்டி வெளிய போயிடும், யார் கை பட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

1958-ல் கே.வி.மகாதேவன்தான் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனியாகப் பாட வைத்தார். 1961-ல் பாசமலர் கல்யாணப் பாட்டு. இங்க பினாங்குல கல்யாண மண்டபத்துல பொண்ணை மேடைக்கு அழைச்சிட்டு வரும்போது இன்னைக்கும் அதைப் போடுறாங்களே, அது இவர் குரல்தான். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்லை!

அப்புறம் கிளப் டான்ஸ் பாட்டு, கிண்டல் பாட்டு என்றாலே இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 1968-ல் பணமா பாசமா படத்து எலந்தப்பழப் பாட்டு பட்டிதொட்டி எல்லாம் கேட்டது. பேர் வந்துச்சு, கூடவே ஒரு மாதிரியான பேரும் ஒட்டிக்கிச்சு. 1976-ல் அன்னக்கிளி வந்து சினிமா இசையே வேற பக்கம் திரும்பினப்போ இவருக்குப் பாட்டு குறைஞ்சுபோச்சு. ஆனா அம்மன் பாட்டு இவரைக் கைவிடல. மாரியம்மனுக்குப் பம்பையும் உடுக்கையும்தானே. மூச்சை அடக்கி மெதுவா பாடுற குரல் அதுக்கு நிக்காது. கிளப் பாட்டுல கூட்டத்தை உசுப்பின அதே தொண்டைதான் ஆத்தாளைக் கூப்பிடுறப்போ நமக்கு மயிர்க்கூச்செறிய வைக்குது. எங்களுக்குத் தெரிஞ்சவரை வேற யாருக்கும் அது அமையல.

காலையில் நடை திறந்ததும் நாம போடுற சீர்காழி கோவிந்தராஜன் விநாயகர் பாட்டும் அப்படித்தான். சீர்காழி ஐயா 1988-ல் காலமானார், அவர் பேர் எல்லாருக்கும் தெரியும். எழுதினவர் உளுந்தூர்பேட்டை சண்முகம்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப ஒரு உண்மையைச் சொல்லிடுறோம். தொண்ணூறுகள்ல எங்களுக்கும் அந்தத் தம்பி வயசுதான். அப்போ நாங்களே ஈஸ்வரி அம்மா கேசட்டை எடுத்துட்டு சுலோகக் கேசட் மாத்தி வச்சோம். கோயிலுக்கு அதான் மரியாதைன்னு நினைப்பு. பூ கட்டுற ஒரு பாட்டி எழுந்து வந்தாங்க. "ஏன்யா நிறுத்திட்ட? எனக்குப் படிக்கத் தெரியாது, அந்தாதி எனக்கு எங்க வரும்? எஸ்டேட்ல பால் வெட்டுன காலத்துல ரேடியோவுல இந்தம்மா பாடித்தான் ஆத்தாளை நான் கும்பிட்டேன்" அப்படின்னாங்க. திட்டல. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு. நாங்க கேசட்டைத் திருப்பிப் போட்டுட்டோம். பாட்டி இப்ப இல்லை.

தம்பி, 2020-ல் வந்த மூக்குத்தி அம்மன் படத்துல ஆடிப் பாட்டு கேட்டீங்களா? 80 வயசுல ஈஸ்வரி அம்மா பாடினது. உங்க செட்டு பிள்ளைங்கதான் அதுக்கு ஆடினாங்க.

வர்ற வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் 6 மணிக்கு அந்தப் பாட்டுதான் ஓடும். வீட்டுல பழைய அம்மன் பாட்டு கேசட், இசைத்தட்டு இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, ஸ்டோர் ரூம்ல எங்ககிட்ட கொடுங்க. டேப் அறுந்திருந்தாலும் பரவாயில்லை. பாட்டு இப்ப போன்ல கிடைக்குது, எழுதினவர் பேரு அந்த அட்டையிலதான் இருக்கு.