கண்டி வாவியும் கட்டி முடியாத சுவரும்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாங்கள் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க பஸ். ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே வாவிக்கரைக்கு நடந்தோம். தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு, வாவியோடு ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் கண்டிக்கு வருகிற எல்லாரும் செய்வது. நாங்கள் வாவியை ஒருக்கா முழுசாகச் சுற்றி நடப்பதென்று முடிவெடுத்தோம். மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும்.

"இது எங்கட ராசா கட்டினது, தெரியும்தானே?" என்றான் எங்களில் ஒருவன். சின்ன வயதிலிருந்து நாங்கள் எல்லாரும் கேட்ட கதைதான். கண்டியின் கடைசி அரசன் தமிழன், அவன் பெயர் கண்ணுசாமி. அந்தப் பெருமையோடுதான் நடக்கத் தொடங்கினோம்.

வாவி இயற்கையானது இல்லை. முன்பு இங்கே வயல்வெளி இருந்தது. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807 அளவில் அணை கட்டி நீரைத் தேக்கினான். கரையிலுள்ள சுவரை வலாகுலு பம்ம என்கிறார்கள், முகில் சுவர் என்று அர்த்தம். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைச் செய்த தேவேந்திர மூலாச்சாரியின் பெயரைத்தான் இதற்கும் சொல்கிறார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இராஜகாரிய முறையில் குடிமக்கள் அரசனுக்குக் கூலியில்லாமல் உழைக்கவேண்டும். இந்த வேலையை எதிர்த்த சிறு பிரதானிகள் வாவிப் படுகையிலேயே கழுவேற்றப்பட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

பாதி தூரம் போகமுன்னமே எங்கட பெருமையும் பாதியாகிவிட்டது.

சுவர் வாவியை முழுசாகச் சுற்றி வரவில்லை. அது முடியமுன் அரசனின் காலம் முடிந்துவிட்டது. 1814 இல் எகலப்பொல என்ற பெரும் பிரதானி ஆங்கிலேயர் பக்கம் போனான். அரசன் அவனுடைய மனைவி பிள்ளைகளைக் கொல்வித்தான். மனைவியை மூழ்கடித்தது போகம்பரை வாவியில். அந்த வாவி இப்போது இல்லை, தூர்த்துவிட்டார்கள். 1815 பெப்ரவரியில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான்.

அந்த ஒப்பந்தத்தை நாம் ஒழுங்காக வாசிக்கவேண்டும். அரசனின் கொடுமைகளைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. அவனுடைய "மலபார்" உறவினர்களுக்கு இனி அரியணையில் உரிமையில்லை, ஆண்கள் கண்டிப் பகுதிக்குள் வரவே கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் தமிழரைப் பொதுவாக அழைத்த சொல் மலபார். ஒரு அரசனின் குற்றம் ஒரு இனத்தின் பெயரில் எழுதப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சிங்களப் பிரதானிகள் சிலரின் கையெழுத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன!

அப்படியென்றால் அவன் "எங்கட" ராசாவா? நாயக்கர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து திருமண உறவால் வந்தவர்கள். தெலுங்கு வேர், தமிழும் பேசினார்கள். 1739 இல் முதல் நாயக்க அரசன் முடிசூடினான். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் 1753 இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டார்கள். இவர்களைச் சிங்களவர் என்றோ தமிழர் என்றோ ஒரு பெட்டிக்குள் போட ஏலாது. அவர்கள் அப்படி வாழவில்லை.

ஒரு பக்கம் அவனைக் கொடிய "வடுகன்" என்று தள்ளுகிறார்கள். மறுபக்கம் நாங்கள் கடைசித் தமிழ் மன்னன் என்று தூக்கிப் பிடிக்கிறோம். இரண்டு பேரும் பிடித்திருப்பது 1815 இல் எழுதின அதே இனப்பெயரைத்தான். அவர்கள் அதை வசையாக்கினார்கள், நாங்கள் பட்டமாக்கினோம். இரண்டு கதையிலும் மண் சுமந்தவனுக்கும் எகலப்பொலவின் பிள்ளைகளுக்கும் இடமில்லை.

சுற்றி முடித்து மாளிகைக்கு முன்னால் வந்தோம். நீரோரம் உல்பென்கே நிற்கிறது. அரசிகள் குளித்த மண்டபம், ஆங்கிலேயர் காலத்தில் நூலகமானது. வாவியின் நடுத்தீவை அவர்கள் வெடிமருந்து வைக்கப் பாவித்தார்கள். கொஞ்சம் தள்ளி, அரசனின் உறவினர்கள் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்று பெயர் இருந்தது.

"எங்கட ராசா" என்று தொடங்கினவன் சுவரில் சாய்ந்து இருந்தான். "அப்ப இது ஆற்ற வாவி?" என்று கேட்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கண்டிக்குப் போனால் நீங்களும் ஒருக்கா முழுசாகச் சுற்றி நடவுங்கள். சுவர் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.