பினாங்கில் காட்டுக்கோழி வேட்டை

பழக்கிய சேவல் ஒன்றைக் காட்டோரத்தில் கட்டிக் கூவவிட்டு, அந்தக் கூவலைக் கேட்டுச் சண்டைக்கு வரும் காட்டுச்சேவலைக் கண்ணியில் பிடிக்கும் முறை தீபகற்ப மலேசியாவில் நெடுங்காலமாக உண்டு. பினாங்கு உள்ளிட்ட வட மாநிலங்களின் கம்பங்களில், அதாவது கிராமங்களில், வாழும் மலாய்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கட்டிவைக்கும் சேவலை அவர்கள் டெனாக் என்பார்கள். தமிழில் அதற்குப் 'பார்வை' என்று பெயர். வேட்டைக்குரிய விலங்கையோ பறவையையோ அதன் இனத்தைக் கொண்டே இழுக்கும் உத்தி தமிழ்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படையே சான்று. அதில் வரும் எயினர் குடிசையின் முற்றத்தில், விளாமரத்தடியில் பார்வைமான் கட்டப்பட்டிருக்கிறது. கௌதாரி பிடிப்பவர்கள் கூண்டில் ஒரு கௌதாரியை எடுத்துப்போவதும் இதே வழக்கம்தான்.

பறவை

மலாயில் ஆயாம் ஊத்தான் எனப்படும் சிவப்புக் காட்டுக்கோழியே நம் வீட்டுக்கோழியின் மூதாதை. இந்தியா முதல் இந்தோனேசியா வரை பரவிய இந்த இனத்தில், மலாய்த் தீபகற்பத்தில் இருப்பது ஸ்பாடிசியஸ் என்னும் உள்ளினம். யுன்னான், மியன்மார், தாய்லாந்து, வட சுமத்ரா ஆகிய பகுதிகளிலும் இது உண்டு. 863 கோழி மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகின் வீட்டுக்கோழிகள் பெரும்பாலும் இந்த உள்ளினத்திலிருந்தே கிளைத்தவை என்று கண்டது. ஆனால் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வேறிடத்திலிருந்து வந்தது. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி தந்த கொடை அது என்று 2008இல் தெரியவந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கம்பத்துச் சேவலுக்கு மஞ்சள் கால் இருந்தால், மேற்குத்தொடர்ச்சி மலையின் பங்கும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

காட்டுச்சேவலைக் கம்பத்துச் சேவலிலிருந்து பிரித்தறிய வேட்டைக்காரர்களுக்குச் சில அடையாளங்கள் உண்டு. உடல் சிறியது, சேவலே ஒன்றரைக் கிலோவைத் தொடுவது அரிது. கால் சாம்பல் நிறம். பறக்கும்போது வாலடியில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது குரல். வீட்டுச்சேவல் கடைசி அசையை இழுத்து ஓயும். காட்டுச்சேவல் அதை வெட்டினாற்போல் நிறுத்திவிடும். மங்கலான விடியலில் பறவை கண்ணுக்குத் தெரியாது என்பதால், இந்த வேட்டையில் காதுதான் முதல் கருவி.

கூவலுக்கும் பருவம் உண்டு, ஆனால் பினாங்கில் இளவேனில் என்று ஒரு பருவம் இல்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைந்த மாதங்கள், மற்றவை ஈரமான மாதங்கள் என்பதே கணக்கு. ஆண்டின் முதல் மாதங்களில் சேவல்கள் தத்தம் எல்லையை உறுதிசெய்யக் கூவிக்கொண்டே இருக்கும். பெட்டை தரையில் சருகைக் கிளறி ஐந்தாறு முட்டை இட்டு மூன்று வாரம் அடைகாக்கும்.

டெனாக் வேட்டை

நல்ல டெனாக் கிடைப்பதுதான் இதில் கடினம். காட்டில் பிடித்த வளர்ந்த சேவல் கயிற்றில் கட்டியதும் மிரண்டு, தீனி விட்டு, கூவாமல் கிடக்கும். அதனால் காட்டில் எடுத்த முட்டையைக் கம்பத்துப் பெட்டையின் அடியில் வைத்துப் பொரிக்கவிடுவார்கள். அல்லது காட்டுச்சேவலுக்கும் வீட்டுப்பெட்டைக்கும் பிறந்த கலப்புக் குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். கலப்புச் சேவலுக்கு மனிதக் கை பழகியிருக்கும், கூவலில் காட்டின் வெட்டும் இருக்கும். கோழியை மனிதன் முதன்முதலில் பழக்கிய விதத்தின் எச்சம் ஒன்று இந்த வேட்டைக்குள் தங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இருவர் மூவர் சேர்ந்து போவதே வழக்கம். பினாங்குத் தமிழில் சொன்னால் கூட்டாளிகள். ஒருவர் கையில் துணிப்பையிலோ சிறு கூடையிலோ சேவல், இன்னொருவர் கையில் ராச்சிக். கூரான குச்சிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சுருக்குக் கண்ணி, எல்லாவற்றையும் கோக்கும் ஒரே கயிறு, இதுதான் ராச்சிக். முன்பு பிரம்பு நார், இப்போது நைலான். விடியுமுன் இடம் பார்த்து, டெனாக்கின் காலைக் கட்டி, அதைச் சுற்றி ராச்சிக்கை நட்டுவிட்டு, இலை மறைவில் உட்கார வேண்டும். பேச்சு கூடாது, இருமல் கூடாது, பீடி கூடாது. டெனாக் கூவும். தூரத்திலிருந்து பதில் வரும், பிறகு கொஞ்சம் கிட்டத்தில். பிறகு குரலே இருக்காது. பழகாதவன் பறவை போய்விட்டது என்று எழுந்து காரியத்தைக் கெடுப்பது அந்த நேரத்தில்தான். உள்ளூர்ச் சேவல் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும்போது காலோ கழுத்தோ சுருக்கில் சிக்கும். டெனாக்கை அது குத்திக் கிழிப்பதற்குள் ஓடிப் பிடித்தாக வேண்டும். மாதக்கணக்கில் வளர்த்த சேவலை நொடியில் இழந்தவர்கள் உண்டு.

தோட்டம், செம்பனை, துப்பாக்கி

பினாங்குத் தீவை 1786இல் கையகப்படுத்திய கிழக்கிந்தியக் கம்பெனி, எதிர்க்கரையை 1800இல் கெடாவிடமிருந்து பெற்றது. இன்று செபராங் பிறை எனப்படும் அந்தக் கரையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் கப்பலில் கொண்டுவரப்பட்டதும் அவற்றுக்காகத்தான். அடுத்த நூற்றாண்டில் கரும்பு போய்ப் பால்மரம் என்னும் ரப்பர் வந்தது; பிறகு பால்மரம் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்தது. காட்டை அழித்த இந்த மாற்றங்களில் பல பறவைகள் ஒதுங்கிப்போயின. காட்டுக்கோழி ஒதுங்கவில்லை. மரத்தடியில் சிந்தும் செம்பனை உதிரிப்பழமும், வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் ஊரும் கறையானும் அதற்கு நல்ல தீனி. செம்பனைத் தோட்டங்களில் இந்தப் பறவை வாழும் விதத்தை மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, காட்டுக்கோழி என்ற பெயர் இங்கே பாதிதான் பொருந்தும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது கொல்லைக்குப் பின்னால் கேட்கும் குரல்.

துப்பாக்கி இந்த வேட்டைக்குள் பெரிதாக நுழையாததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்ற நிலை இருந்தது. அவசரகாலம் 1960இல் முடிந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் தனிச் சட்டமும் வந்தது. உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வசதியுள்ள சிலரிடம் மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு லாஸ்திக் என்னும் உண்டிவில்லும், கண்ணியும், கூவும் ஒரு சேவலும் போதுமானதாயின.

வான்கோழியோடு ஓர் ஒப்பீடு

வட அமெரிக்காவில் இளவேனில்தோறும் நண்பர்கள் கூடிப் போகும் காட்டு வான்கோழி வேட்டை, குரலை நம்பும் வகையில் இதற்கு உறவு. அங்கேயும் விடியுமுன் போய் மரத்தடியில் அசையாமல் உட்காருகிறார்கள். ஆனால் பறவையைக் கட்டுவதில்லை. மரப்பெட்டியை உரசியும், பலகைக்கல்லைச் சுரண்டியும், வாய்க்குள் வைத்த மெல்லிய தகட்டை ஊதியும் மனிதனே பெட்டையின் குரலை எழுப்புகிறான். துணை தேடி வருகிறது ஆண் வான்கோழி. டெனாக் வேட்டையிலோ பறவையை இழுப்பது பகை. எல்லை தாண்டி வந்த எதிரியை விரட்டவே காட்டுச்சேவல் வருகிறது. இந்த வேறுபாட்டால் ஆபத்தும் வேறாகிறது. மறைந்திருந்து பெட்டைக் குரல் எழுப்பும் மனிதனை இன்னொரு வேட்டைக்காரன் வான்கோழி என்று எண்ணிச் சுட்ட விபத்துகள் அமெரிக்காவில் நேர்ந்திருக்கின்றன. ஆண் வான்கோழியின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவற்றை உடுத்த வேண்டாம் என்று அங்கே எச்சரிப்பது அதனால்தான்.

பெயர் விஷயத்தில் வான்கோழிக்கு எங்கும் குழப்பம்தான். அமெரிக்கப் பறவையை ஆங்கிலேயர் துருக்கியின் பெயரால் அழைத்தார்கள், மலாய்க்காரர்கள் டச்சுக்கோழி என்ற பொருளில் ஆயாம் பெலாண்டா என்றார்கள். தமிழில் ஔவையாரின் பழைய மூதுரையிலேயே வான்கோழி வருகிறது. கொலம்பசுக்குப் பிறகே இந்தப் பக்கம் வந்த பறவை அங்கே எப்படிப் புகுந்தது என்ற கேள்வி பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காமல் விட்டது.

சட்டமும் நோயும்

தீபகற்ப மலேசியாவில் இப்போது நடப்பில் இருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இதன்கீழ் சிவப்புக் காட்டுக்கோழி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் இல்லாமல் அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2022இல் செய்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில் 2003 முதல் தேசியப் பூங்கா உள்ளது. பினாங்குக் கொடிமலைப் பகுதியை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. தமிழ்நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குச் சட்டப்படி காட்டுக்கோழி வேட்டைக்கே இடமில்லை.

உலக அளவில் இந்த இனம் அழிவின் விளிம்பில் இல்லை. கவலை கலப்பைப் பற்றியது. கம்பத்துப் பெட்டைகள் மேயும் இடத்துக்குக் காட்டுச்சேவல் வந்துபோகிறது, பிறக்கும் குஞ்சுகளில் சில காட்டுக்கே திரும்புகின்றன. டெனாக்குக்காகக் கலப்பு வளர்ப்பதும் இதற்கு உரம். இன்னொன்று பறவைக் காய்ச்சல். 2004இல் கிளந்தான் மாநிலத்தில் அது தலைகாட்டியபோது, தாய்லாந்திலிருந்து கள்ளத்தனமாக வந்த சண்டைச் சேவல்கள் மீது பழி விழுந்தது. 2006இல் செபராங் பிறையிலும் நோய் கண்டறியப்பட்டது. பழகிய சேவலைக் காட்டுச்சேவலோடு மூக்குக்கு மூக்கு மோதவிடும் எந்த வழக்கமும் இந்த நோய்க்கு வாசல்தான்.

ஆண்டின் நடுவில், ஜூன் வாக்கில், காட்டுச்சேவல் தன் பொன்னிறக் கழுத்துச் சிறகுகளை உதிர்த்துக் கறுத்த குட்டைச் சிறகு போர்த்துக்கொள்ளும். நீண்ட வாலும் போய்விடும். வீட்டுக்கோழியிடம் காணாத இந்த மாற்றத்தை, கலப்பில்லாத பறவையின் அடையாளமாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அக்டோபர் வரை அது அடங்கியே திரியும், கூவலும் குறைந்துவிடும். அந்த மாதங்களில் டெனாக் எவ்வளவு கூவினாலும் மறுபக்கத்திலிருந்து பதில் வருவது அரிது. ராச்சிக் வீட்டு உத்தரத்தில் தொங்கும்.