பேய்ப் படங்களும் தோட்டத்து இரவுகளும்

மனிதனுடைய அச்சங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஒரு சமுதாயம் எதைக் கண்டு நடுங்குகிறது என்று ஆராய்ந்தால், அங்கே யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதும் விளங்கிவிடும். வெறும் பிதற்றல் என்று நாம் ஒதுக்கும் பேய்க்கதைகளிற் பல, வாய்விட்டுப் பேச முடியாத காலத்தில் எளிய மக்கள் மறைத்துவைத்த முறையீடுகளே ஆகும்.

பேய்ப் படம் பார்க்க இன்று கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. எஹலியகொடவைச் சூழ்ந்த றப்பர்த் தோட்டங்களின் லயங்களிலும் கைப்பேசியின் சிறு திரையில் உலகத்துப் பேய்கள் அனைத்தும் வந்து நிற்கின்றன. “நல்ல பேய்ப் படம் எது?” என்று மாணவன் கேட்டால், பகுத்தறிவின் பெயரால் அவனைச் சினந்து அனுப்பிவிடுவது எளிது. அதனால் அவன் படம் பார்ப்பது நிற்கப் போவதில்லை. சரித்திரத்தைத் துணைக்கு அழைத்து அவனுக்கு விடை சொல்வதே ஆசிரியரின் கடமை.

முதலாவதாக, 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் விக்டர் ஹால்பெரின் எடுத்த ‘ஒயிட் ஸோம்பி’ என்ற படத்தைச் சொல்லலாம். பழைய படமாதலால் இணையத்தில் விலையின்றியே கிடைக்கிறது. ‘ஸோம்பி’ என்ற நடைப்பிணம் எங்கே பிறந்தது? தோட்டத்தில்தான் பிறந்தது. ஹெயிட்டித் தீவில் பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆபிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். செத்தாலாவது விடுதலை கிடைக்கும், ஆவி தாய்நாடு போய்ச் சேரும் என்பதே அவர்களுக்கிருந்த ஒரே ஆறுதல். செத்த பின்னும் உடலை எழுப்பி வேலைக்கு விரட்டுவார்களோ என்ற எண்ணம், ஆகவே, எல்லாவற்றினும் கொடிய அச்சமாயிற்று. 1791இல் அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் சுதந்திர நாட்டை நிறுவினர். ஆயினும் 1915 முதல் 1934 வரை அந்நாட்டை அமெரிக்கப் படை ஆக்கிரமித்திருந்தது. அந்த நாட்களில்தான் நடைப்பிணக் கதை கடல் கடந்து ஹாலிவுட்டுக்குச் சென்றது.

படத்தில் ஒரு கரும்பாலைக் காட்சி வருகிறது. உயிரற்ற கண்களோடு மனிதர்கள் செக்கைச் சுற்றித் தள்ளுகிறார்கள். ஒருவன் தவறி இயந்திரத்துள் விழுகிறான்; மற்றவர் திரும்பியும் பார்க்கவில்லை; சக்கரம் சுழன்றுகொண்டேயிருக்கிறது. நீண்ட நேர வேலைக்கு முணுமுணுக்காத ஆட்கள் இவர்கள் என்று ஆலைக்காரன் பெருமை பேசுகிறான். முதலாளித்துவத்தின் கனவை இதைவிடத் துலாம்பரமாகச் சொல்ல முடியுமா? எனினும் படம் அந்தத் தொழிலாளரை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மீட்கும் கதையாக ஓடிவிடுகிறது. இந்தக் குறையையும் சேர்த்தே மாணவருக்குக் காட்டவேண்டும்.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். களனிவெளி ரயில்பாதை 1912இல் எஹலியகொட வழியாக இரத்தினபுரியைச் சென்றடைந்தது. றப்பர் செழித்த காலம் அது. பால் வெட்ட வந்த தமிழ்த் தொழிலாளியின் தலைமீது, அவன் புறப்பட்டபோது வாங்கிய முன்பணமே கடனாக ஏறியிருந்தது. ‘துண்டு’ என்ற சிறு கடதாசியில் அக்கடன் எழுதப்பட்டது. வேறு தோட்டம் அக்கடனை ஏற்றாலன்றி அவனால் இடம்பெயர முடியாது. கடன் கைமாறினால் ஆளும் கைமாறினான். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் உடல் தனக்குச் சொந்தமில்லை என்ற ஹெயிட்டி அடிமையின் அச்சம் நம்மவருக்கு அந்நியமானதன்று.

அந்த அச்சத்துக்குத் தோட்டத்து மக்களும் உருவம் கொடுத்தனர். தொழிற்சாலையின் சக்கரத்திலே ‘ரோதைமுனி’ குடியேறியது. கோடாங்கியின் உடுக்கையொலி லயத்து இரவுகளை நிறைத்தது. இதை மூடத்தனம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாகாது. கையையும் காலையும் இழுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரத்தின் முன்னே பாதுகாப்பின்றி நின்றவன், அதற்குப் படையலிட்டுத் தணிக்க முயன்றான். அவன் தேடிய மருந்து பிழையாயிருக்கலாம். அவனுடைய பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது.

தமிழ்ப் படங்களில், ஸ்ரீதர் இயக்கி 1963இல் வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ முதலிடத்துக்குரியது. ஜமீந்தாரின் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். ஜமீன் கௌரவம் அக்காதலைப் பலிகொள்கிறது. காதலர் மறுபிறவி எடுத்து வந்தபோதும், நூறு வயதைக் கடந்த அந்தக் கிழ ஜமீந்தார் சாகாமல் காத்திருந்து துரத்துகிறான். நம்பியாரின் அந்த வேடத்தையும் வின்சென்டின் ஒளிப்பதிவையும் கண்டவர் எளிதில் மறவார். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். சட்டம் ஒழித்த ஜமீன் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் திரையில் தடியூன்றி நடந்து வந்தது. மறுபிறவிக் கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆதிக்கம் எளிதில் சாவதில்லை என்பதை நம்பினாற் போதும்.

அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் ராகுல் சதாசிவன் இயக்கிய ‘பிரமயுகம்’ (2024) என்ற மலையாளப் படத்தைத் தயங்காமற் பரிந்துரைக்கலாம். முழுவதும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படம். பதினேழாம் நூற்றாண்டுக் கேரளத்தில், தாழ்த்தப்பட்ட பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் பசியோடு ஓர் இடிந்த மனைக்குள் நுழைகிறான். மம்முட்டி நடிக்கும் வீட்டுக்காரர் சோறிடுகிறார், பகடையாட அழைக்கிறார், தோற்றவனிடமிருந்து அவனுடைய காலத்தையே பறித்துக்கொள்கிறார். சோறு, கடன், பிறகு திறக்காத கதவு! துண்டின் சரித்திரம் அறிந்த நம் மாணவனுக்கு இப்படத்தைப் பற்றி உரை எழுதத் தேவையில்லை.

ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ (2011) வேறு வகை. சிரிப்பும் கூச்சலும் மலிந்த வியாபாரப் படந்தான். ஆயினும் அதன் நடுவே, நிலத்தைப் பறிக்க வந்த அரசியல்வாதியால் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையே பேயாக வருகிறாள். நீதிமன்றம் கேளாத வழக்கைப் பேய் நடத்துகிறது. ஏழைக்கு நீதி கிடைக்க அவன் செத்துத்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வியைப் படம் எழுப்பவில்லை, நாம் எழுப்பலாம்.

விலக்கத்தக்க படங்களும் உண்டு. பெண்ணின் கோபத்தையும் மனநோயையும் பிசாசென்று காட்டி, மந்திரவாதியின் சாட்டையால் தீர்வு சொல்பவை அவை. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோயாளியைப் பேயோட்டியின் முன்னே உட்காரவைக்கும் கொடுமைக்கு அத்தகைய படங்கள் துணைபோகின்றன.

வீட்டிலே பார்ப்பதில் வேறொரு பொறுப்பும் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிராவில் ஒருவர் பார்ப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். குழந்தையும் பார்க்கிறது, பாட்டியும் பார்க்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படும் காட்சி பேரனுக்குக் கிளுகிளுப்பு. பாட்டிக்கு அது அப்படியல்ல. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் தோட்டத் தமிழர்மீது வன்முறை ஏவப்பட்டது. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தின் லயங்களே தாக்குதலுக்கு இலக்காயின. அந்த இரவுகளில் வந்தவை பேய்களல்ல, மனிதர்கள். அவர்களை ஏவிவிட்டவர்களும் மனிதர்களே. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்து அரநாயக்கவின் கிராமங்களையும் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்து லயத்தையும் மூடியது. சிங்களக் கிராமத்தவனும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே மண்ணின் கீழ் மாண்டனர். மழை இரவுகளில் சரிவின் அடியில் உறங்கும் குடும்பத்துக்கு எந்தப் படமும் புதிதாக அச்சமூட்டத் தேவையில்லை.

ஆகவே, சிறுவர் உறங்கிய பின்னர் படத்தைப் பாருங்கள். முடிந்தவுடன் கலைந்து போகாதீர்கள். இந்தப் பேயை உண்டாக்கியது யார்? அது யாரைத் தேடி வருகிறது? கடைசியில் வென்றது நீதியா, மந்திரமா? இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பின்னர், தம் வாழ்நாளில் உண்மையாகவே அஞ்சிய இரவு எது என்று பெரியவர்களிடம் பரிவோடு விசாரியுங்கள். சொல்ல விரும்பினால் அவர்கள் சொல்லட்டும். எழுதப்படாத தோட்டச் சரித்திரத்தின் ஒரு பக்கம் அங்கே கிடைக்கக்கூடும். காரணம் தெரிந்த அச்சம் ஒருவனை மூலையில் ஒடுங்கவிடாது. பக்கத்து லயத்தவனையும் பக்கத்துக் கிராமத்தவனையும் அழைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வரச்செய்யும்.