கைத்தொழிற் பயிலுநரும் கூட்டுப் பயிற்சித் திட்டமும்

தொழில் பயிலச் சென்ற இளைஞன் ஒருவன், தவணை முடியுமுன் முதலாளியின் பட்டறை மூடப்பட்டால் யாது செய்வான்? பழைய முறையிலே இவ்வினாவுக்குத் தக்க விடை இருக்கவில்லை. அவுஸ்திரேலியர் அதற்கு விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாண்டு பயின்றவனே கைத்தொழில் நடத்தலாம் என விதித்தது. உடன்படிக்கையை ஒரே தோலில் இருமுறை எழுதி, இடையே வளைவுநெளிவாக வெட்டி, ஆசானும் பயிலுநனும் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொள்வர். ஆசான் உணவும் உறையுளும் தந்து தொழில் கற்பிப்பான். பயிலுநனோ சூதாடேன், மதுச்சாலை புகேன், தவணைக்குள் மணம் புரியேன் என வாக்களிப்பான். (வாக்குகள் யாவும் காக்கப்பட்டனவா என்பதை நாம் ஆராய வேண்டுவதில்லை!) ஏழாண்டு விதி 1814இல் நீக்கப்பட்டது. ஆயினும் ஓர் இளைஞனை ஒரே முதலாளியுடன் பிணைக்கும் வழக்கம் நிலைத்தது. குடியேறியவருடன் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றது.

அங்கே தவணை பெரும்பாலும் நான்காண்டாக அமைந்தது. 1970களின் நடுவில் பொருளாதாரம் தளரவே, நான்காண்டுக்கு ஒருவனைப் பொறுப்பேற்கச் சிறு முதலாளிகள் அஞ்சினர். பயிலுநரைத் தொழினுட்பக் கல்லூரிக்கு அனுப்பும் முதலாளிகளுக்கு, 1977இல் ஏற்பட்ட திட்டத்தின்படி கூட்டாட்சி அரசு பணம் வழங்கியது. ஆயினும் நாளை வேலை கிடைக்குமோ என்னும் ஐயத்தைப் பணம் தீர்க்குமா? மேலும், ஒரே வகை வேலை செய்யும் பட்டறையில் தொழில் முழுவதையும் கற்றலும் அரிது.

கூட்டுப் பயிற்சித் திட்டங்கள் பிறந்தது இந்நிலையிலேதான். நிலக்கரிக்குப் பேர்போன ஹன்டர் பள்ளத்தாக்கில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முன்னாள் அமைச்சர் மில்ற்றன் மொறிஸ் முன்னின்று 1981இல் தொடங்கிய பயிற்சிக் கம்பனி இவற்றுள் முந்தியவற்றில் ஒன்று. இலாபத்தை நோக்காத நிறுவனம் அது.

இம்முறையில், சட்டப்படி பயிலுநனின் முதலாளி கம்பனியே. சம்பளம், லீவு, விபத்துக் காப்புறுதி யாவும் அதன் பொறுப்பு. அவனை வேலைக்கு ஏற்கும் பட்டறை, கம்பனிக்குக் கட்டணம் செலுத்தும். வேலை குறைந்தால் பட்டறை அவனைத் திருப்பி அனுப்பலாம்; உடன்படிக்கை முறியாது, கம்பனி வேறிடம் தேடும். இவ்வாண்டு வீடுகளுக்கு மின்கம்பி இழுப்பவன், மறு ஆண்டு சுரங்கத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்கலாம். கம்பனியின் உத்தியோகத்தர் அவ்வப்போது வேலைத்தலத்துக்கே வந்து, என்ன கற்றாய், கல்லூரிப் பாடம் எவ்வாறு, மேற்பார்வையாளர் ஒழுங்காக நடத்துகிறாரா என விசாரிப்பார். வீட்டைவிட்டு வந்த பதினாறு வயதுப் பையனுக்கு, எம் கருத்தில், சம்பளத்திலும் பெரிய உதவி இதுவே.

குறைகளும் இல்லாமலில்லை. கட்டணம் சம்பளத்திலும் கூடியதாகையால், நேரே ஆளெடுப்பதே சிக்கனம் எனக் கருதும் முதலாளிகள் உளர். பஞ்ச காலத்திலோ எல்லாப் பட்டறைகளும் ஒருங்கே பயிலுநரைத் திருப்பி அனுப்பலாம். 1982, 1983ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தம், இத்திட்டங்கள் வேரூன்றுமுன்னரே வந்து சேர்ந்தது. ஏற்பார் இல்லாதபோது பயிலுநரைக் கம்பனியும் நெடுநாள் சுமத்தல் இயலாது. இத்தகைய நிறுவனங்களுக்கு அவுஸ்திரேலிய அரசுகள் பொதுப்பணத்தில் உதவி அளிக்க முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.