ஆடிப்பட்டமும் அப்பாயியின் அவரை விதையும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் திருமானூரில் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, கொள்ளிடத்து மணலை அள்ளி வந்து கண்ணில் போடும் காற்று. இன்னொன்று, "அவரை ஊனியாச்சாடா?" என்று அப்பாயி கேட்கும் கேள்வி. பி.காம். படிக்கிறவனுக்கு விதையைப் பற்றி என்ன தெரியும் என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். கடன், வட்டி, இருப்பு என்று நாம் படிப்பதெல்லாம் இதிலும் வருகிறது.

பட்டம் என்றால் என்ன?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். பட்டம் என்பது விதைப்புப் பருவம். ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று பல உண்டு. அதில் ஆடிக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை? நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். ஆடியில் விதைத்தால் அதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிடும். கத்தரி, வெண்டை, மிளகாய், சுரை, பூசணி, பாகல், புடலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

நாட்டுப் பந்தல் அவரையின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். மாசியில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், பூ வைக்காது. ஆடியில் ஊன்றினால் மார்கழிவாக்கில் பூத்துப் பொங்கல் குழம்புக்குக் காய் தரும். அப்பாயிக்கு இந்த அறிவியல் தெரியாது. ஆனால் நாள் தெரியும்.

சரி, நாள் தெரிந்தால் மட்டும் போதுமா? அந்த நாளில் கையில் விதை இருக்க வேண்டுமே! இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

விதை இருந்த இடங்கள்

அந்தக் காலத்தில் விதை வீட்டில்தான் இருந்தது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைப்பார்கள். பூசணி, பரங்கி விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் வறட்டியாக அடித்து வைப்பார்கள். சுரைக்குடுக்கையிலும் மண்கலயத்திலும் மிச்சம் இருக்கும்.

வீட்டில் தீர்ந்துபோனால் ஊரில் இருந்தது. ஆடிப்பெருக்குக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். தானியங்களை ஓட்டில் விதைத்து, வெயில் படாமல் வளர்த்து, வரிசையாகத் தலையில் சுமந்து போவார்கள். சாமிக்குச் செய்வதுதான். ஆனால் யார் வீட்டு விதை நன்றாக முளைத்திருக்கிறது என்று ஊரே பார்த்துவிடும். முளைப்புத்திறன் பரிசோதனையை இதைவிடப் பகிரங்கமாக யார் நடத்த முடியும்? பிறகு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெண் கொடுத்த ஊருக்கும் பெண் எடுத்த ஊருக்கும் விதை இப்படித்தான் போய் வந்தது.

விதை கடைக்குப் போனது

1963-ல் தேசிய விதைக் கழகம் தொடங்கப்பட்டது. 1966-ல் விதைச் சட்டம் வந்தது. விற்கும் விதைக்குத் தரம் வேண்டும் என்பது நியாயமான எண்ணம்தான். 1988-ல் மத்திய அரசின் புதிய விதைக் கொள்கை காய்கறி விதை இறக்குமதியைத் தாராளமாக்கியது. வீரிய ஒட்டு ரகங்கள் பாக்கெட் பாக்கெட்டாகக் கடைக்கு வந்தன.

அவற்றால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விளைச்சல் கூடியது, ஒரே சீராகக் காய் வந்தது, சந்தையில் விலையும் கிடைத்தது. ஆனால் வீரிய ஒட்டுக் காயிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் முதல் செடி போலவே எல்லாச் செடியும் வராது. குணங்கள் பிரிந்துவிடும். ஆகவே வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். இருப்பாக இருந்த பொருள் செலவாக மாறிவிட்டது. கணக்குப் படிப்பவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

அக்கரையிலிருந்து ஒரு குரல்

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அந்த வழி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று வெளியேறினார். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கரூர் மாவட்டம் கடவூரில் 'வானகம்' அமைத்துப் பயிற்சி கொடுத்தார். 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார்.

அவர் வழியில் வந்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் வருடாவருடம் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பர் 6 அன்று அவர் இறக்கும்போது 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டிருந்தார். திருவிழாவின் விதி எளிமையானது: இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு.

நூறு சதவீத வட்டி! ஆனாலும் யாரும் கந்துவட்டி என்று சொல்லவில்லை. ஏன்? ஒரு கிலோ விதைக்கு ஐம்பது கிலோ விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ வாங்கியவன் கையில் நூறு கிலோ. அதில் நான்கைக் கொடுப்பது கஷ்டமா? இப்போது கூட்டுவட்டி போட்டுப் பாருங்கள். நான்கு கிலோ அடுத்த இரண்டு பேருக்குப் போகும், எட்டாகத் திரும்பும். பத்து வருடத்தில் அந்த இரண்டு கிலோ 2048 கிலோ! ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல் ஒரு வங்கி.

நெல்லில் தொடங்கிய பழக்கம் காய்கறிக்கும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நடக்கும் விதைத் திருவிழாக்களில் கத்தரி, வெண்டை, சுரை, அவரை விதைகளை மாடித்தோட்டக்காரர்கள் கைமாற்றிக்கொள்கிறார்கள். 2013-ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2023-ல் இயற்கை விவசாயத்துக்கென்று அரசு தனிக் கொள்கையையே வெளியிட்டது.

கத்தரிக்காய் ஒரு தேசியப் பிரச்சினையாகவே ஆனது தெரியுமா? 2009 அக்டோபரில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்கு மத்தியக் குழு பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு எழ, அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். விதையைப் பற்றிப் பொதுமக்கள் கூடிப் பேசியதால் அரசு நின்று யோசித்த தருணம் அது.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் டயான் என்ற பெண்ணுக்கு அவருடைய தாத்தா ஒரு பூச்செடி விதையும் தக்காளி விதையும் கொடுத்தார். அவருடைய பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த விதைகள் அவை. தாத்தா இறந்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. 1975-ல் டயானும் அவர் கணவரும் தொடங்கிய விதைப் பரிமாற்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது.

எங்கள் வீட்டு அவரை

இனி எங்கள் வீட்டுக் கதை. நான் பள்ளியில் படித்தபோது ஒரு வருடம் அப்பாயி இருந்த விதை எல்லாவற்றையும் ஊன்றிவிட்டது. அந்த ஐப்பசி அடைமழையில் கொல்லையில் தண்ணீர் நின்று கொடியெல்லாம் அழுகிப்போனது. அடுத்த ஆடிக்குக் கலயம் காலி. கடையில் வாங்கிய விதை காய்த்தது. ஆனால் பட்டை அகலமாய், ஓரம் ஊதா ஓடிய எங்கள் காய் அது இல்லை. அப்பாயி அந்தப் பொங்கலுக்குக் குழம்பைத் தொடவே இல்லை.

இரண்டு வருடம் கழித்துத் திருவையாறு பக்கம் வாக்கப்பட்ட சின்ன அப்பாயி ஒரு துணி முடிச்சோடு வந்தது. "நீ குடுத்ததுதான்க்கா, எங்க கல்யாணத்தப்போ." உள்ளே பதினைந்து விதை இருந்திருக்கும். அப்பாயி எண்ணிப் பார்த்துவிட்டு அழுதது.

2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பாக்கெட் போட்டுக் கம்பெனி போலப் பெயர் வைத்து விற்கத்தான் கூடாது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் கொடுக்க விதையும் வாங்க ஆளும் இருந்தால்தானே உரிமைக்கு வேலை?

கலயத்தில் வைத்திருந்த விதை எங்களைக் காப்பாற்றவில்லை. கொடுத்த விதைதான் திரும்பி வந்தது. இப்போது அப்பாயி ஒவ்வொரு தையிலும் நெற்றை உடைத்ததும் முதல் பிடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கலயத்தில் போடுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு கலயம் இருக்கும் நண்பர்களே. பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஆடிக்குள் யாருக்காவது ஒரு பிடி கொடுத்துவிடுங்கள்.