நிதான அயலுறவும் பொது அமைப்பும்: காந்தி அமைதி நிறுவனத்தின் 1962ஆம் ஆண்டுத் தூதுக்குழு

ஆய்வுச் சுருக்கம்

அயலுறவில் நிதானம் வேண்டும் என்னும் கருத்தை அரசுக்கு வெளியே நின்ற ஓர் அமைப்பு உலக அரங்கில் எடுத்துரைத்த இந்திய நிகழ்வுகளுள் குறிப்பிடத்தக்கது, 1962இல் காந்தி அமைதி நிறுவனம் மேற்கொண்ட அணுஆயுத எதிர்ப்பு முயற்சியாகும். அதன் தூதுக்குழுவை வழிநடத்தியவர் இராஜாஜி. அம்முயற்சிக்கு வலிமை எங்கிருந்து வந்தது, அதன் வரம்பு யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இராஜாஜி, காந்தி அமைதி நிறுவனம், அணுஆயுத எதிர்ப்பு, அயலுறவுக் கொள்கை, திருப்பூர், நெருப்பெரிச்சல்.

முன்னுரை

திருப்பூரின் வடபகுதியில் அமைந்த நெருப்பெரிச்சல், பின்னலாடைத் தொழிலோடு வாழ்வு பிணைந்த ஊர். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த இறக்குமதி வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. அதில் சரிபாதி, இந்தியா ருசிய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி விதிக்கப்பட்டது. உக்ரைன் போரில் எவ்வகையிலும் பங்கில்லாத ஒரு தையல் தொழிலாளியின் வாரக்கூலியை அப்போர் தொட்டது. பிறர் போரின் சுமையைப் போரில் சேராதவர் ஏன் சுமக்க வேண்டும் என்னும் வினா புதியதன்று. ஏறத்தாழ அதே வினாவோடுதான் 1962இல் ஒரு தமிழர் வெள்ளை மாளிகைக்குச் சென்றார்.

கதர் நிலமும் அறப்பின்புலமும்

இராஜாஜியின் அரசியல் வாழ்வு கொங்கு மண்டலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. சேலத்தில் வழக்குரைஞராக இருந்த அவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதே ஆண்டில் உருவான அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. இன்று ஏற்றுமதி ஆடைக்குப் பெயர்பெற்ற நிலம் அன்று கதருக்குப் பெயர்பெற்றிருந்தது. நுகர்விலும் ஆற்றலிலும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளுதல் கதர் இயக்கத்தின் அடிப்படை அறம். பிற்காலத்தில் நாடுகளை நோக்கி இராஜாஜி முன்வைத்த வேண்டுகோளிலும் இவ்வறமே தொடர்ந்தது எனலாம்.

மாநாடும் தூதுக்குழுவும்

1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த சப்பானியப் படகு ஒன்றின் மீது படிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அக்காலம் தொட்டு இராஜாஜி அணுகுண்டுச் சோதனைகளை இடைவிடாது எதிர்த்தார். அவருடைய வாதம் இரக்கத்தை மட்டும் சார்ந்ததன்று. அதில் ஒரு வழக்குரைஞரின் தருக்கமும் இருந்தது. சோதனை நடத்தும் நாடு தன் எல்லைக்கு அப்பாலுள்ள மக்களின் காற்றையும் நீரையும் நஞ்சாக்குகிறது. அம்மக்களின் இசைவைப் பெறாத அச்செயல் உரிமை மீறலாகும் என்பது அதன் சாரம்.

1961இல் சோவியத் ஒன்றியமும் அதனைத் தொடர்ந்து அமெரிக்காவும் சோதனைகளை மீண்டும் தொடங்கின. காந்தி நினைவு நிதியின் வழி உருவான காந்தி அமைதி நிறுவனம், 1962 சூனில் புதுதில்லியில் அணுஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த இராசேந்திர பிரசாத், இந்தியா ஒருதலையாகவே படைக்குறைப்பைத் தொடங்கலாம் என்று அங்குக் கூறினார். அணுஆயுத நாடுகளுக்குத் தூதுக்குழுக்களை அனுப்பும் முடிவும் இம்மாநாட்டிலிருந்தே பிறந்தது.

இராஜாஜி, ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோர் அடங்கிய குழு 1962 செப்டம்பர் 28 அன்று வாசிங்டனில் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தது. இராஜாஜிக்கு அப்போது வயது 83. மேலைநாடுகளுக்கு அவர் மேற்கொண்ட முதற்பயணம் அது. உரையாடல் ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கடந்து நீண்டது. எதிர்த்தரப்பு நிறுத்தட்டும் என்று காத்திராமல் வலிய நாடு தானே முதலில் சோதனையை நிறுத்த வேண்டும் என்பதே குழுவின் மையக் கோரிக்கை.

வலிமை

1959இல் சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி, நேரு அரசின் கடுமையான விமர்சகர். 1961 திசம்பரில் கோவாவில் படைபலம் பயன்படுத்தப்பட்டதையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தவர். அத்தகையவர் நேருவின் இசைவோடு வெளிநாட்டுத் தலைவரைச் சந்திக்கச் சென்றது எண்ணத்தக்கது. இதற்கு இடமளித்தது, அரசுக்கும் கட்சிக்கும் புறத்தே நின்ற ஓர் அமைப்பேயாகும். அரசின் குரலாகவோ எதிர்க்கட்சியின் குரலாகவோ ஒலிக்காத ஒரு நிலையை அது அவருக்கு வழங்கியது. 2019இல் அமெரிக்காவில் தோன்றிய குயின்சி நிறுவனமும், எதிரெதிர் அரசியல் சார்புடைய சோரோசு, கோக் ஆகியோரின் நிதியுதவியோடு படைத்தலையீட்டைக் குறைக்கும் கொள்கையைப் பேசத் தொடங்கியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அயலுறவில் நிதானம் பேசுவோர்க்குக் கட்சி எல்லை கடந்த தளம் தேவைப்படுகிறது என்பதை இரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

வரம்பு

தூதுக்குழு கென்னடியைச் சந்தித்து ஒரு மாதம் நிறைவதற்குள் கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்தது. 1962 அக்டோபர் 20இல் சீனப்படை இந்திய எல்லையைத் தாக்கியது. ஒருதலைப் படைக்குறைப்பைப் பற்றிப் பேசிய நாட்டின் பொதுமனம் நான்கே மாதங்களில் மாறிற்று. இராஜாஜியும் அணிசேராமையைக் கைவிட்டு மேலைநாடுகளோடு நெருங்க வேண்டும் என்றார்.

இது முரணன்றோ எனின், முழுவதும் அன்று. சோதனை எதிர்ப்பையும் தற்காப்பையும் அவர் வேறுவேறாகவே கண்டார். 1964 மே மாதம் சேக் அப்துல்லா சென்னைக்கு வந்து அவரோடு காசுமீர் குறித்து விரிவாகப் பேசினார். பாகித்தானோடு இணக்கம் காண்பதை இராஜாஜி தொடர்ந்து ஆதரித்தார். அவர் வலியுறுத்திய நிதானம் போரை முற்றாக மறுப்பதன்று. செயலின் விளைவை அளந்தபின் செயற்படுவது. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் அரசனுக்கு வகுக்கும் நெறியும் இதுவே.

எனினும் அமைப்பின் குறை மறைக்கத்தக்கதன்று. அது தலைவர்களின் மனச்சான்றை நோக்கிப் பேசியது. படைச்செலவு, வணிகம், எல்லைப் பாதுகாப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் ஆராய்ந்து மாற்றுக் கொள்கையை வகுக்கும் பணி அதன் மையமாக அமையவில்லை. ஆகவே, போர் வந்தபோது அறவுரை நின்றது; அதைத் தாங்கும் கொள்கை வாதம் இல்லாமற் போயிற்று.

முடிவுரை

1963 ஆகத்து 5இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா ஆகியவை வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதனைத் தூதுக்குழுவின் வெற்றியாக மட்டும் கூறுதல் மிகை. கியூபா நெருக்கடி தந்த அச்சமே அதன் பெருங்காரணம். ஆயினும், பாதிக்கப்படும் மூன்றாம் தரப்பினருக்கும் பேசும் உரிமை உண்டு என்பதைத் தூதுக்குழு நிலைநாட்டியது. 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எசு. சுப்புலட்சுமி பாடிய இராஜாஜியின் ஆங்கில இறைவேண்டலிலும் அவ்வுணர்வே ஒலித்தது.

2025இல் நெருப்பெரிச்சல் அந்த மூன்றாம் தரப்பின் இடத்தில் நின்றது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் வரிச்சலுகை கோரின. அது அவற்றின் கடமை. ஆனால், தொலைவிலுள்ள போரும் பகையும் உள்ளூர்க் கூலியை எவ்வாறு தாக்குகின்றன என்பதைத் தரவுகளோடு தொடர்ந்து ஆராயும் பொது அமைப்பு தொழில் வட்டாரங்களுக்குத் தேவை. 1962இன் துணிவோடு அன்று இல்லாத ஆய்வுப்பயிற்சியும் சேர்தல் வேண்டும். அதற்கு முதற்படியாக, கல்கி, சுவராச்சியா ஆகிய இதழ்களில் இராஜாஜி எழுதிய அயலுறவுக் கட்டுரைகளும் திருப்பூர் வட்டாரத்தின் கதர்க்கால ஆவணங்களும் ஒருசேர ஆராயப்பெறுதல் பயன்தரும்.